"அந்தப் பக்கம் போய்ப் பாரு"ன்னு சொல்ற மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

கவர்ன்மென்ட் ஆபீஸ்ல செக்ஷன் பாத்துக்கறவங்க, பிரைவேட் கம்பெனியில டீம் லீடா மேனேஜரா இருக்கறவங்க, ரெண்டு பக்கமும் எச்ஆர்ல உக்காந்திருக்கறவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். நான் முதல்ல பிரைவேட்ல வேலை பாத்தேன், அப்புறம் பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தேன். ரெண்டு இடத்துலயும் தங்கமான மேலதிகாரிங்களையும் பாத்திருக்கேன், ஆளை நோகடிக்கறவங்களையும் பாத்திருக்கேன், அதனால ஒரு பக்கத்தைத் தூக்கி இன்னொரு பக்கத்தை இறக்கறதுக்காக எழுதல. ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு ஓடிட்டு இருக்கு, அதை நிறுத்துங்கன்னு கேக்கத்தான் எழுதறேன்.

பிரைவேட்ல ஒருத்தர் ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற மெசேஜுக்குப் பதில் போட முடியல சார், காலையில பாக்கறேனேன்னு சொன்னா, "இவ்வளவு நிம்மதி வேணும்னா கவர்ன்மென்ட் வேலை தேடிக்கோங்க"ன்னு பதில் வரும். அரசு ஆபீஸ்ல ஒருத்தர் மூணு சீட்டு வேலையை ஒரே ஆளா பாக்கறேன் மேடம், காலியா இருக்கற போஸ்டை நிரப்பச் சொல்லி எழுதலாமான்னு கேட்டா, "பிரைவேட்ல இருந்திருந்தா தெரியும் உங்களுக்கு, மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல, பேசாம பாருங்க"ன்னு பதில் வரும். ரெண்டு பேருமே கேட்டது நியாயமான கேள்வி, ரெண்டு பேருக்குமே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கல, இன்னொருத்தன் உன்னவிடக் கஷ்டப்படறான்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு தடவை இப்படித் திரும்பி வந்தவங்க ரெண்டாவது தடவை கேக்க வரமாட்டாங்க, பிரச்சனை மட்டும் அங்கேயே இருக்கும். நீங்க என்ன நினைச்சுக்கறீங்கன்னா, ஆபீஸ் அமைதியா இருக்கு, யாரும் குறை சொல்லல, எல்லாம் நல்லாப் போகுதுன்னு.

நான் சொல்ல வர்றது இதுதான். ஒருத்தர் மனசு ஒட்டி வேலை செய்யறாங்களா, இல்ல உடம்பை மட்டும் கொண்டு வந்து உக்கார வெச்சுட்டுப் போறாங்களாங்கறது அது அரசு வேலையா தனியார் வேலையாங்கறதால முடிவாகறதில்ல. தன் வேலையில தனக்கு ஏதாவது சொல்ல இடம் இருக்கா, செஞ்ச வேலை யாரு கண்ணுலயாவது படுதா, தப்புன்னு பட்டதைத் தப்புன்னு சொன்னா சிக்கல் வராம இருக்குமா, இந்த மூணும்தான் முடிவு பண்ணுது, இந்த மூணும் பெரும்பாலும் நேர் மேலதிகாரி கையில இருக்கு. பிரைவேட்ல பயத்தை மேனேஜ்மென்ட்னு நினைச்சுக்கறாங்க. கவர்ன்மென்ட்ல ஆளைக் கண்டுக்காம விடறதை மேனேஜ்மென்ட்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டுக்கும் மாத்தி மாத்தி அடுத்த பக்கத்தைக் காட்டி நியாயம் சொல்லிக்கறாங்க.

பிரைவேட்ல இருந்தப்ப நடந்த ஒரு அப்ரைசல், அதாவது வருஷா வருஷம் நடக்கற வேலை மதிப்பீடு, அதைப் பத்திச் சொல்றேன். எங்க டீம்ல ஒருத்தங்க, ரொம்ப அமைதி, ஆனா எந்த சிஸ்டம் எப்ப விழுந்தாலும் எல்லாரும் தேடறது அவங்களைத்தான், புதுசா வர்ற பசங்களுக்குப் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுப்பாங்க. அந்த வருஷம் அவங்களுக்குக் கடைசி ரேட்டிங். ரூமுக்குள்ள மேனேஜர் லேப்டாப்பை அவங்க பக்கம் திருப்பி ஒரு எக்ஸெல் ஷீட்டைக் காட்டிருக்காரு, பேர் எல்லாம் மறைச்சு வரிசை மட்டும். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா, ஆனா கர்வுல யாராவது ஒருத்தரை கீழ போட்டே ஆகணும், போன வருஷம் வேற ஒருத்தரைப் போட்டுட்டேன், இந்த வருஷம் நீங்க"ன்னு சொல்லிருக்காரு. கர்வ்னா, ஒவ்வொரு டீம்லயும் இத்தனை பேர் மேல, இத்தனை பேர் கீழ இருக்கணும்னு முன்கூட்டியே வெச்சிருக்கற அளவு. அவரு கெட்டவர் இல்ல, சொல்லும்போது அவருக்கே கண்ணைப் பாத்து சொல்ல முடியலயாம். வெளிய வந்தவங்க சண்டை போடல, அழல. அடுத்த நாள்ல இருந்து தன் வேலையை மட்டும் பாத்தாங்க, யாரு வந்து டவுட் கேட்டாலும் டாக்குமென்ட்ல இருக்கு பாருங்கன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். அந்த ஒரு ரூமுக்குள்ள நடந்த ஒரு பேச்சுல டீமே என்ன இழந்துச்சுன்னு எந்த ஷீட்லயும் வரல.

இந்த வரிசைப்படுத்தி கடைசி ஆளை வெட்டற முறை எங்க இருந்து பரவுச்சுன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். ஜெனரல் எலக்ட்ரிக்ங்கற அமெரிக்கக் கம்பெனியில 1981ல இருந்து 2001 வரைக்கும் தலைமையில இருந்த ஜாக் வெல்ச், மேல 20 சதவீதம், நடுவுல 70, கீழ 10னு ஆளுங்களைப் பிரிச்சு அந்தக் கீழ் 10ஐ வெளிய அனுப்பணும்னு சொன்னாரு, உலகம் முழுக்க கம்பெனிங்க அதை எடுத்துக்கிட்டாங்க. மைக்ரோசாஃப்ட்ல அந்த மாதிரி ஒரு முறை ரொம்ப நாள் ஓடுச்சு, 2013 நவம்பர்ல அதைத் தூக்கிட்டாங்க. ஏன்னு யோசிங்க. டீம்ல ஒருத்தர் கீழ போயே ஆகணும்னா பக்கத்து சீட்டுல இருக்கறவனுக்கு உதவி பண்றது எனக்கு நஷ்டம், நல்லா வேலை செய்யறவங்க இருக்கற டீமுக்கு நான் போறதும் எனக்கு நஷ்டம். கூட்டா செய்ய வேண்டிய வேலைக்கு ஆளுங்களைச் சேர்த்துட்டு ஒருத்தர் மேல ஒருத்தரை ஏவி விட்டா அந்த வேலை எப்படி நடக்கும்?

டார்கெட் கதையும் இதே மாதிரிதான். அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல ஒவ்வொரு கஸ்டமர் குடும்பத்துக்கும் 8 ப்ராடக்ட் வித்தாகணும்னு மேல இருந்து நெருக்கினாங்க. கீழ இருந்தவங்க கஸ்டமருக்கே தெரியாம அவங்க பேர்ல அக்கவுன்ட் ஆரம்பிச்சாங்க. 2016ல வெளிய வந்தப்ப 20 லட்சம் அக்கவுன்ட் வரைக்கும் கணக்கு சொன்னாங்க, அடுத்த வருஷம் அது 35 லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு ஆச்சு. 18.5 கோடி டாலர் அபராதம். ஆனா என் மனசுல நிக்கறது வேற ஒரு நம்பர், சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு எடுத்தாங்க. செஞ்சது தப்புதான், நான் மறுக்கல. ஆனா அத்தனை ஆயிரம் பேர் ஒரே தப்பை ஒரே மாதிரி செஞ்சா, மொத்தத்தையும் அவங்க தனித்தனி குணத்து மேல போட முடியுமா? முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லக்கூடிய இடமா அந்த பிராஞ்சுங்க இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது.

சரி, இப்ப அரசுப் பக்கம் வர்றேன். இங்க வெட்டறது கிடையாது, கர்வ் கிடையாது, வேலை போயிடும்னு ராத்திரி தூக்கம் போறதும் கிடையாது, அந்த நிம்மதி எவ்வளவு பெருசுன்னு பிரைவேட்ல இருந்து வந்த எனக்கு நல்லாவே தெரியும். ஆனா வந்து கொஞ்ச நாள்ல வேற ஒண்ணு பாத்தேன். எங்க செக்ஷன்ல ஒரு ஜூனியர், ஜனங்க ஒரே வேலைக்கு ரெண்டு ஃபாரம் நிரப்பறாங்க, ரெண்டுலயும் பாதிக்கு மேல ஒரே கேள்விதான் இருக்கு, ஒண்ணா சேர்த்தா அவங்களுக்கும் ஒரு நடை மிச்சம் நமக்கும் ஒரு ரெஜிஸ்டர் மிச்சம்னு, தானே ஒரு மாதிரி ஃபாரம் வரைஞ்சு, எந்த விதியும் மீறலன்னு விதி நம்பரோட நோட் போட்டு ஃபைல் மேல அனுப்பினாரு. போன ஃபைல் வரல. கேட்டா மேல இருக்குன்னு பதில். கடைசியில திரும்பி வந்தப்ப ஓரத்துல பச்சை மையில ஒரே ஒரு வார்த்தை, "பேசவும்." இவரும் பேசப் போனாரு, ஐயா மீட்டிங்ல இருக்காரு, அப்புறம் கேம்ப்ல இருக்காரு, அப்புறம் அந்த ஐயாவே மாறிப் போயிட்டாரு. புதுசா வந்தவர் முன்னாடி ஃபைலை வெச்சா, "இதெல்லாம் உங்க வேலையா, இருக்கற பெண்டிங்கை முடிங்க"ன்னுட்டாரு. வேண்டாம்னு ஒரு காரணம் சொல்லிருந்தாகூட அந்தப் பையன் ஏத்துக்கிட்டிருப்பான். அதுக்கப்புறம் அவன் எந்த நோட்டும் போடல, வந்த தபாலை வந்த மாதிரி நகர்த்தறான். வெளிய இருந்து பாக்கற ஜனங்க அவனைச் சோம்பேறிங்கறாங்க, அவன் சோம்பேறியா வேலைக்குச் சேரலங்க.

இதனால உடம்புக்கு என்ன ஆகும்னு சந்தேகம் இருந்தா, அதுக்கும் பதில் இருக்கு, அதுவும் அரசு ஊழியர்கள வெச்சே பாத்தது. லண்டன்ல வைட்ஹால்னு சொல்ற அரசுத் துறைகள்ல வேலை பாத்த 17,000க்கும் மேல ஆம்பளைங்களை 1967ல இருந்து தொடர்ந்து கவனிச்சாங்க. எல்லாருக்கும் நிரந்தர வேலை, பென்ஷன், ஒரே ஊரு, அரசாங்க மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்புல செத்துப் போன விகிதம், உச்சத்துல இருந்த அதிகாரிகளைவிட சுமார் 3 மடங்கு இருந்துச்சு. பொதுவா எல்லாரும் என்ன நினைப்பாங்க, பெரிய பொறுப்பு, பெரிய டென்ஷன், அதனால மேல இருக்கறவருக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும்னு. நடந்தது நேர்மாறா. சிகரெட், பிபி, கொலஸ்ட்ரால்னு எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தாலும் வித்தியாசத்துல பெரும்பகுதி அப்படியே நின்னுச்சு. 1985ல பெண்களையும் சேர்த்து 10,308 பேரை வெச்சு மைக்கேல் மார்மட்ங்கற ஆய்வாளர் தலைமையில ரெண்டாவது ஆய்வு ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து 1997ல வெளியான கட்டுரையில இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியமான காரணமா அவங்க காட்டினது, தன் வேலை மேல தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்குங்கறது. எதை முன்னாடி செய்யணும், எப்படிச் செய்யணும்னு தானே முடிவு பண்ண முடியாதவங்களுக்கு இதய நோய் அதிகம். நிரந்தர வேலை கொடுத்துட்டோம்ல, வேற என்ன வேணும்னு கேக்கற ஒவ்வொரு மேலதிகாரியும் இதை ஒரு தடவை படிக்கணும். பச்சை மையில "பேசவும்"னு எழுதிட்டு பேசாமலே விடறது சின்ன விஷயமா தெரியுது உங்களுக்கு, அந்தச் சின்ன விஷயம் முப்பது வருஷம் தினமும் ஒருத்தர் மேல நடந்தா அவரோட உடம்பு அதை வாங்கிக்குது.

வேலைப் பாதுகாப்பு ஏன் வந்துச்சுங்கறதையும் ரெண்டு பக்கமும் மறந்துட்டாங்கன்னு எனக்குத் தோணும். அமெரிக்காவுல ஒரு காலத்துல ஜெயிச்ச கட்சிக்காரங்களுக்கு அரசு வேலையை வாரிக் கொடுத்துட்டு இருந்தாங்க, 1881ல தனக்கு வேலை தரலன்னு கோவப்பட்ட ஒருத்தன் ஜனாதிபதி கார்ஃபீல்டையே சுட்டுக் கொன்னான். ரெண்டு வருஷத்துல, 1883ல, தகுதி பாத்து வேலை கொடுக்கணும், அரசியல் காரணத்துக்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு பென்டில்டன் சட்டம் வந்துச்சு. பிரிட்டன்ல அதுக்கும் முன்னாடி 1854லயே போட்டித் தேர்வு வெச்சு ஆள் எடுக்கணும்னு அறிக்கை கொடுத்துட்டாங்க. அதாவது அந்தப் பாதுகாப்பு, ஊழியர் காலை நீட்டி உக்காரட்டும்னு கொடுத்த சலுகை இல்ல. மேல இருக்கறவரு தப்பான ஒண்ணுல கையெழுத்துப் போடச் சொன்னா மாட்டேன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும், அதுக்காகக் கொடுத்தது. அந்த மாட்டேனைச் சொன்ன ஆளை நீங்க தூரத்து ஆபீஸுக்கு மாத்திட்டா, அந்தப் பாதுகாப்பை வெச்சு அவரு என்ன பண்ணுவாரு? சம்பளம் நிக்கல, சரி, ஆனா பிள்ளைங்க ஸ்கூல், வயசான அப்பா அம்மா, வீடு எல்லாம் கலைஞ்சு போச்சே. டிரான்ஸ்ஃபரைத் தண்டனையா பயன்படுத்தறவங்க நிர்வாகம் பண்றதா நினைச்சுக்கறாங்க, அதைப் பாத்துட்டு இருக்கற மிச்ச நாப்பது பேரு வாயை மூடிக்கறாங்க.

அப்ப பிரைவேட் மாதிரி டார்கெட் வெச்சு விரட்டினா அரசு ஆபீஸ் சரியாயிடும்னு சொல்றவங்க நிறைய பேரு, ஜனங்கள்லயும் உண்டு. கோவம் எனக்குப் புரியுது, ஒரு சான்றிதழுக்கு நாலு தடவை அலைஞ்சவங்களுக்கு அப்படித்தான் தோணும். ஆனா செஞ்சு பாத்த இடத்துல என்ன ஆச்சுன்னு பாருங்க. அமெரிக்காவுல முன்னாள் ராணுவ வீரர்களுக்கு அரசாங்கமே நடத்தற ஆஸ்பத்திரிங்கள்ல 14 நாளைக்குள்ள டாக்டரைப் பாக்க அப்பாயின்ட்மென்ட் கொடுத்தாகணும்னு டார்கெட் வெச்சு, அதை மேல இருக்கறவங்க போனஸோட முடிச்சுப் போட்டாங்க. டாக்டருங்க எண்ணிக்கை அதுக்குத் தகுந்த மாதிரி ஏறல. ஃபீனிக்ஸ் ஆஸ்பத்திரியில காத்திருக்கறவங்களை அதிகாரபூர்வ லிஸ்ட்ல ஏத்தாமலே வெச்சாங்க. கணக்குப்படி அவங்க காத்திருந்தது சராசரியா 24 நாள். 2014ல அந்தத் துறையோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் (உள்ள நடக்கற தப்பை விசாரிக்கற பிரிவு) 226 பேர் கேஸை எடுத்துப் பாத்தா உண்மையில சராசரி 115 நாள். அந்தத் துறைக்குப் பொறுப்பா இருந்த அமைச்சர் ராஜினாமா பண்ணாரு. வெல்ஸ் ஃபார்கோ தனியார், ஃபீனிக்ஸ் அரசு, நோய் ஒண்ணுதான் பாருங்க, முடியாததை முடிச்சுக் காட்டுன்னு நெருக்கினா கீழ இருக்கறவங்க முடிச்ச மாதிரி காட்டுவாங்க.

இதைவிட என்னை உலுக்கினது ஃபிரான்ஸ் டெலிகாம் விஷயம். அரசாங்கத் துறையா இருந்து கம்பெனியாகி, கொஞ்சம் கொஞ்சமா தனியார் கைக்குப் போன நிறுவனம், இப்ப ஆரஞ்ச்னு பேரு. உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அரசு ஊழியர் அந்தஸ்துல இருந்தவங்க, அவங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனா 2006ல இருந்து 2008க்குள்ள 22,000 பேரைக் குறைக்கணும், இன்னும் 10,000 பேரை வேற வேலைக்கு மாத்தணும்னு திட்டம் போட்டுட்டாங்க. நீக்க முடியாதவங்களை எப்படிக் குறைக்கறது? அவங்களாவே போற மாதிரி பண்றது. வருஷக்கணக்கா லைன்ல ஏறி வேலை பாத்த டெக்னீஷியனை கால் சென்டர்ல உக்கார வெக்கறது, வீட்டுக்கு ரொம்ப தூரத்துல போஸ்டிங் போடறது, வேலையே கொடுக்காம உக்கார வெக்கறது. ஜன்னல் வழியாவோ கதவு வழியாவோ, எப்படியாவது போக வெப்பேன்னு தலைவரா இருந்த டிடியே லொம்பார்ட் 2006ல மேனேஜர்கள் கூட்டத்துலயே சொன்னாரு. கோர்ட் எடுத்துக்கிட்ட 39 பேர் கேஸ்ல 19 பேர் தற்கொலை பண்ணிக்கிட்டவங்க, 12 பேர் முயற்சி பண்ணவங்க, மிச்சப் பேர் மன அழுத்தத்துல விழுந்தவங்க. 2019 டிசம்பர்ல பாரிஸ் கோர்ட் அந்தக் கம்பெனியையும் லொம்பார்ட் உட்பட பழைய மேலதிகாரிகளையும் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2025 ஜனவரியில அந்த நாட்டோட உச்ச நீதிமன்றமும் லொம்பார்ட் குற்றவாளிங்கறதை உறுதி பண்ணிடுச்சு. நிர்வாகக் கொள்கையே ஒரு துன்புறுத்தலா இருக்க முடியும்னு சட்டமே ஒத்துக்கிட்ட கேஸ் இது. இதுல நான் கவனிச்சது, அந்த ஊழியர்களுக்கு அரசுப் பக்கத்துப் பாதுகாப்பும் இருந்துச்சு, தனியார் பக்கத்து நெருக்கடியும் இருந்துச்சு, ஆனா அந்தப் பாதுகாப்பு அவங்களைக் காப்பாத்தல. உங்களை மாதிரி நடுவுல இருந்த மேனேஜர்கள் கிட்டதான் எத்தனை பேரைப் போக வெச்சேன்னு கணக்குக் கேட்டாங்க, அவங்க வழியாத்தான் அது கீழ இறங்குச்சு. மேல இருந்து வந்த உத்தரவு, நான் என்ன பண்ணுவேன்னு நீங்க சொல்லலாம். நியாயம்தான், ஆனா உத்தரவை எந்த மொழியில, எந்த முகத்தோட இறக்கறீங்கங்கறது உங்க கையிலதானே இருக்கு.

உங்க நிலைமை எனக்குத் தெரியாம இல்ல. மேல இருந்து ஒருத்தர் மிதிக்க, கீழ இருந்து பத்து பேர் இழுக்க, நடுவுல நிக்கறவங்க நீங்க. கேலப் நிறுவனம் வருஷா வருஷம் உலக அளவுல எடுக்கற கணக்குல 2024ல மனசு ஒட்டி வேலை செய்யற ஊழியர்கள் 21 சதவீதம்தான், அதுக்கு முந்தின வருஷம் 23 இருந்துச்சு. அந்த வருஷம் அதிகமா விழுந்தது யாருன்னா மேனேஜர்கள்தான், 30ல இருந்து 27க்கு வந்துட்டாங்க. நீங்களே உள்ளுக்குள்ள காஞ்சு போய்தான் இருக்கீங்க, அதனாலதான் ஒருத்தர் குறை சொல்ல வந்தா கேக்க உங்களுக்கும் தெம்பில்லாம, "அந்தப் பக்கம் போய்ப் பாரு"ன்னு வாயில வந்துடுது. எனக்கு இது புரியுது, ஆனா விட்டுடுங்கன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா அந்த ஒரு பேச்சுக்கு விலை கொடுக்கறது நீங்க இல்ல.

குறை சொல்ல விட்டா டீம் கெட்டுப் போயிடும்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட்ல ஒரு பேராசிரியர், தொண்ணூறுகள்ல ஆஸ்பத்திரி நர்ஸ் டீம்களை வெச்சு, நல்ல டீம்ல மருந்துத் தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்து ஆய்வு பண்ணாங்க. வந்த கணக்கு தலைகீழ், நல்லா நடத்தப்படற டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சு. தோண்டிப் பாத்தா, அங்க தப்பு அதிகமா நடக்கல, நடந்ததை வெளிய சொல்ல பயமில்ல, அவ்வளவுதான். மத்த டீம்ல பயந்து நிறைய மறைச்சுட்டாங்க. பேஷன்ட்டா நீங்க எந்த வார்டுல படுக்க ஆசைப்படுவீங்க? உங்க செக்ஷன்ல பிரச்சனையே வரலன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இதை யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் செலவே இல்லாத ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் யாரும் செய்யறதில்ல. ஒரு யூனிவர்சிட்டியில ஸ்காலர்ஷிப்புக்கு நிதி திரட்ட போன் போடற வேலை, நாள் முழுக்க திட்டு வாங்கற வேலை. ஆடம் கிரான்ட்ங்கற ஆய்வாளர் அந்த ஸ்காலர்ஷிப்ல படிச்ச ஒரு மாணவரைக் கூட்டிட்டு வந்து கொஞ்ச நிமிஷம் அவங்ககூட பேச வெச்சாரு. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அவங்க போன்ல செலவழிச்ச நேரமும் ரெண்டு மடங்குக்கு மேல, திரட்டின பணமும் ரெண்டு மடங்குக்கு மேல. சம்பளம் ஏத்தல, டார்கெட் வெக்கல. அரசு ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு இது எவ்வளவு சுலபம்னு நினைச்சா எனக்கு ஆதங்கமா இருக்கு, ஏன்னா நாம நகர்த்தற ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னாடியும் ஒரு விதவைப் பென்ஷனோ, ஒரு பிள்ளையோட காலேஜ் சீட்டோ இருக்கு. ஆனா உள்ள உக்காந்து எழுதறவங்க அந்த முகத்தைப் பாக்கறதே இல்ல, கவுன்டர்ல இருக்கறவங்க பாக்கறது கோவமா வர்றவங்களை மட்டும். வேலை முடிஞ்சு சந்தோஷமா போனவங்க திரும்பி வந்து சொல்றதுக்கு நாம ஒரு வழியே வெக்கல. பிரைவேட்லயும் அதேதான், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறவருக்கு தனக்கு வந்த வேலையோட டிக்கெட் நம்பர் தெரியும், அதை யாரு பயன்படுத்தறாங்கன்னு தெரியாது.

சம்பளம் முக்கியமில்லைன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்க வேண்டாம். சம்பளம் நேரத்துக்கு வரணும், காலிப் பணியிடம் நிரம்பணும், கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு பக்கத்து சீட்டு நிரந்தர ஊழியர் செய்யற அதே வேலைக்கு கால்வாசி சம்பளம் கொடுக்கறது அநியாயம், அதை எந்தப் பாராட்டு வார்த்தையும் மூடாது. சொல்லப் போனா இன்னைக்கு ரெண்டு பக்கமும் அந்த கான்ட்ராக்ட் ஆளுங்க நிலைமைதான் ரொம்ப மோசம், அரசு ஆபீஸோட மெத்தனத்தையும் அவங்க தாங்கணும், தனியாரோட பயத்தையும் அவங்க தாங்கணும். அதுக்கு மேல இருக்கறவங்க கொள்கை முடிவு எடுக்கணும், நீங்க ஒரு செக்ஷன் ஹெட்டா அதை மாத்த முடியாது. உங்களால முடிஞ்சதை மட்டும்தான் நான் இங்க கேக்கறேன்.

அரசு ஆபீஸ்ல இருக்கற மேலதிகாரிங்ககிட்ட என் வேண்டுகோள், கீழ இருந்து ஒரு யோசனை எழுத்துல வந்தா அதுக்கு எழுத்துலயே பதில் கொடுங்க, முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு ரெண்டு வரி போதும், "பேசவும்"னு எழுதினா கூப்பிட்டுப் பேசுங்க. நல்லா வேலை செய்யறவங்க மேலயே அடிஷனல் சார்ஜை, அதாவது அடுத்த சீட்டோட பொறுப்பையும், குவிக்காதீங்க, அது பாராட்டு மாதிரி தெரியும், ஆனா வேலை செஞ்சா வேலைதான் கூடும்னு மத்த எல்லாரும் அதைப் பாத்துக் கத்துக்கறாங்க. பிடிக்காத ஆளை டிரான்ஸ்ஃபர்ல அடிக்காதீங்க. பிரைவேட்ல இருக்கறவங்ககிட்ட கேக்கறது, நம்பரை நிரப்பறதுக்காக ஒருத்தரைக் கீழ போட வேண்டி வந்தா அந்த இடத்துல மேல இருக்கறவங்ககிட்ட ஒரு தடவையாவது எழுத்துல மறுப்பு சொல்லிப் பாருங்க, எச்ஆர்ல இருக்கறவங்க அந்த மறுப்பைத் தூக்கிப் போடாம ரெக்கார்டுல வையுங்க. வேலை நேரம் முடிஞ்சப்புறம் அவசரம்னா போன் பண்ணுங்க, அவசரம் இல்லாததை காலையில அனுப்புங்க. இதுல எதுக்குமே பட்ஜெட் தேவையில்ல, மேல அனுமதியும் தேவையில்ல.

ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கடைசியா ஒண்ணு. உங்க டீம்ல முன்னாடி மீட்டிங்ல கேள்வி கேட்டுட்டு இருந்து இப்ப தலையை மட்டும் ஆட்டறவங்க யாராவது ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க, யாருன்னு உங்களுக்கே தெரியும். இந்த வாரம் அவங்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, போனைக் கவுத்து வெச்சுட்டு, எதுல இருந்து பேசறதை விட்டீங்கன்னு கேளுங்க. முதல்ல ஒண்ணுமில்ல சார்ம்பாங்க, உடனே நம்ப மாட்டாங்க, கொஞ்சம் பொறுத்து திரும்பக் கேளுங்க. அவங்க சொல்றப்ப குறுக்க பேசாதீங்க, அடுத்த பக்கத்துல இதைவிட மோசம்னு சொல்லாதீங்க. சொன்னதுல உங்க அதிகாரத்துல இருக்கற ஏதாவது ஒண்ணை ஒரு மாசத்துக்குள்ள மாத்திட்டு, நீங்க சொன்னதாலதான் மாத்தினேன்னு அவங்க பேரைச் சொல்லி எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.

இப்படிக்கு,
ரெண்டு பக்கமும் வேலை பாத்த ஒரு ஊழியர்